பல்லுக்கு எக்ஸ்-ரே எப்போது தேவை, எப்போது தேவையில்லை

உங்கள் கேள்வியில் மூன்று பேருடைய வாய் இருக்கிறது. கடைவாய்ப் பல் வலி என்று போன உங்களுக்கு ஒரு கிளினிக்கில் ஓபிஜி, அதாவது இரண்டு தாடையும் விழும் பெரிய எக்ஸ்-ரே, எடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து வேறு கிளினிக்கில் அதே பல்லுக்கு வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்தபோது நாலு சின்ன எக்ஸ்-ரே எடுத்தார்கள். எட்டு வயது மகனுக்குச் சொத்தை என்று காட்டப் போனால், அவனுக்கும் "ஃபுல் எக்ஸ்-ரே" வேண்டும் என்கிறார்கள். மனைவி நான்கு மாதக் கர்ப்பம். ஈறு வீங்கி ரத்தம் வருகிறது. எக்ஸ்-ரேக்குப் பயந்து பல் டாக்டரிடமே போகாமல் இருக்கிறார். "இதெல்லாம் தேவைதானா, இல்லை மெஷின் வாங்கிய கடனை அடைக்கவா? கேன்சர் வருமா?" என்று முடித்திருக்கிறீர்கள். கேன்சர் பற்றிய பகுதிக்கும் வருகிறேன். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, டாக்டர் எழுதிக் கொடுக்கும் எக்ஸ்-ரே தனக்குத் தேவைதானா என்று மருத்துவம் படிக்காத ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

பல் மருத்துவத்தில் எக்ஸ்-ரே எடுப்பதற்கும் படிப்பதற்கும் தனி மேற்படிப்பு உண்டு. நான் படித்தது அதுதான். பல வருடமாகப் பார்ப்பதும் அதைத்தான். ஆனாலும் உங்கள் வாயையோ படங்களையோ நான் பார்க்கவில்லை. அதனால் பொது விதியைச் சொல்ல முடியும், முதல் டாக்டர் செய்தது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

பொது விதி எளிமையானது. எக்ஸ்-ரே என்பது பரிசோதனைக்குப் பிறகு எழும் ஒரு கேள்விக்கான விடை. வலி எப்படி, எப்போது, ராத்திரி எழுப்புகிறதா என்று கேட்க வேண்டும். சின்னக் கண்ணாடியும் புரோப் என்ற மெல்லிய கருவியும் வைத்து வாய் முழுக்கப் பார்க்க வேண்டும். பல்லைத் தட்டிப் பார்க்க வேண்டும், குளிர்ச்சி வைத்துப் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு "இந்தச் சொத்தை நரம்பு வரை போயிருக்கிறதா", "வேர் நுனியில் சீழ் கட்டியிருக்கிறதா" என்று கண்ணுக்குத் தெரியாத ஒன்று மிச்சம் இருந்தால், அப்போது எக்ஸ்-ரே. டாக்டர் வாயைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே, வரவேற்பில் பெயர் எழுதிய கையோடு "ஓபிஜி எடுத்துட்டு வந்துடுங்க" என்று அனுப்பினால் அது முறையல்ல. எங்கே நடந்தாலும், எவ்வளவு பெரிய கிளினிக்காக இருந்தாலும்.

ஆகவே நோயாளி கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "டாக்டர், இந்தப் படத்துல என்ன பார்க்கப் போறீங்க? அது இருந்தா என்ன பண்ணுவீங்க, இல்லேன்னா என்ன பண்ணுவீங்க?" காரணத்தோடு எழுதியவருக்கு இதற்குப் பதில் சொல்ல அரை நிமிடம் போதும். "எல்லாருக்கும் எடுக்குறதுதான்" என்பது பதில் ஆகாது. படம் எப்படி வந்தாலும் சிகிச்சை மாறாது என்றால் அந்தப் படம் வேண்டாம்.

இனி உங்கள் கணக்கு. அந்தச் சின்ன எக்ஸ்-ரேக்கு ஐஓபிஏ என்று பெயர். பிலிமுக்குப் பதில் கம்ப்யூட்டர் சென்சார் வைத்து எடுத்தால் ஆர்விஜி என்போம். ஒன்றிரண்டு பல்லை வேர் நுனி வரை நுணுக்கமாகக் காட்டும். ஓபிஜியில் இயந்திரம் தலையைச் சுற்றி வந்து இரண்டு தாடையையும் எல்லாப் பல்லையும் ஒரே படத்தில் காட்டும். பரப்பு பெரிது, நுணுக்கம் குறைவு. முன்பல் பகுதியில் கழுத்தெலும்பின் நிழலும் விழுந்து மங்கிவிடும். ஒரு கடைவாய்ப் பல்லின் சொத்தை ஆழத்தை ஓபிஜியில் பார்ப்பது, ஊர் வரைபடத்தை விரித்து ஒரு வீட்டுக் கதவின் விரிசலைத் தேடுவது மாதிரி. ஒரே பல்லில்தான் பிரச்சினை, எந்தப் பல் என்றும் தெரிகிறது என்றால் ஒரு ஐஓபிஏ போதும், பெரும்பாலும்.

"பெரும்பாலும்" என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ஞானப்பல் கோணலாக முளைத்து வலி எங்கிருந்து வருகிறது என்று குழப்பம் இருந்தால், வாயில் ஐந்தாறு பல் கெட்டுக் கிடந்தால், வாயே விரலளவுக்கு மேல் திறக்கவில்லை என்றால், சென்சார் வைத்தாலே குமட்டுகிறது என்றால், ஓபிஜி நியாயமானது. உங்களுக்கு இவற்றில் ஏதாவது இருந்ததா என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

வேர் சிகிச்சையில் எடுத்த நாலு படத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. முதல் படம் வேர் எத்தனை, எப்படி வளைந்திருக்கிறது என்று பார்க்க. இரண்டாவது, மெல்லிய ஊசி போன்ற ஃபைலை உள்ளே விட்டு வேரின் நீளத்தை அளக்க. மூன்றாவது, அடைக்கப்போகும் ரப்பர் போன்ற பொருள் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க. கடைசி, அடைத்து முடித்த பிறகு. நீளத்தை அளக்க இப்போது ஏபெக்ஸ் லொகேட்டர் என்ற மின்கருவி வந்திருப்பதால் ஒரு படம் குறையலாம். ஆனால் முதல் படமும் கடைசிப் படமும் இல்லாமல் ஒருவர் வேர் சிகிச்சை செய்தார் என்றால் நான் அவரிடம் என் பல்லைக் காட்டமாட்டேன். அந்தக் கடைசிப் படத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வேர் நுனியில் இருந்த கறுப்பு நிழல் ஆறிவருகிறதா என்று ஒரு வருடம் கழித்து ஒப்பிட அது ஒன்றுதான் சாட்சி.

எக்ஸ்-ரேயில் எதுவும் இல்லை என்றால் ஒன்றுமே இல்லை என்று நினைப்பவர்கள் நிறைய. தவறு. பல்லின் தாதுப்பொருள் ஏறக்குறைய 30 முதல் 40 சதவீதம் கரைந்த பிறகுதான் சொத்தை படத்தில் கறுப்பாகத் தெரியத் தொடங்கும். பல்லில் மயிரிழை விரிசல் இருந்தால் பெரும்பாலும் தெரியவே தெரியாது. நரம்பு வீங்கி உயிர் போகிற வலி இருக்கும். படம் சுத்தமாக இருக்கும். வேர் நுனியில் புதிதாகப் பிடித்த தொற்றும் எலும்பு ஓரளவு கரையும்வரை படத்தில் நிழல் காட்டாது. எல்லாவற்றையும்விட, புகையிலை, பாக்கு, ஹான்ஸ், குட்கா போடுபவர்களுக்குக் கன்னத்தின் உட்புறத்திலும் நாக்கின் ஓரத்திலும் தொடங்கும் புற்றுநோய் எந்தப் பல் எக்ஸ்-ரேயிலும் ஆரம்பத்தில் தெரியாது. அதற்கு வெளிச்சமும் கண்ணும் விரலும்தான் கருவி. படம் எடுத்துவிட்டு வாயைச் சரியாகப் பார்க்காத டாக்டரைவிட, படமே எடுக்காமல் நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்க்கும் டாக்டர் நம் ஊருக்கு அதிகம் வேண்டும்.

வலி எதுவும் இல்லாதவருக்கு எக்ஸ்-ரே தேவையா? இரண்டு பல் உரசிக்கொள்ளும் இடுக்கில் பிடிக்கும் சொத்தை கண்ணுக்குப் படாது. அதைப் பிடிக்கவென்றே பைட்விங் என்ற சின்னப் படம் இருக்கிறது. பல்லைக் கடித்தபடி எடுப்பது, மேல் கீழ் இரண்டு வரிசையின் தலைப்பகுதியும் ஒன்றாக விழும். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2012 வழிகாட்டுதலில், சொத்தை எளிதில் பிடிக்கும் வாய் என்றால் பெரியவர்களுக்கு 6 முதல் 18 மாதத்துக்கு ஒருமுறை, ஆபத்துக் குறைவான வாய் என்றால் 24 முதல் 36 மாதத்துக்கு ஒருமுறை என்று இருக்கிறது. வேறு நாடுகளில் இடைவெளி வேறுபடுகிறது. ஆளுக்கேற்ப மாறும் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். எண்ணில் மட்டும் கருத்து வேறுபாடு. வருடத்துக்கு ஒன்று எல்லோருக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நம்மூரில் நிலைமை தலைகீழ் என்பது வேறு விஷயம். வலித்தால்தான் போவோம் என்பதால் பைட்விங் எடுத்துக்கொண்டவர்களே குறைவு. தேவையில்லாத ஓபிஜி ஒருபக்கம், தேவையான பைட்விங் எடுக்காமல் விட்டு வேர் சிகிச்சை வரை போவது மறுபக்கம். இரண்டும் ஒரே தெருவில் நடக்கிறது.

மகன் விஷயத்துக்கு வருவோம். எட்டு வயதில் சொத்தை பார்க்க வேண்டும் என்றால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பைட்விங்தான் சரியான படம். பால் கடைவாய்ப் பற்களுக்கு நடுவில் இடைவெளி இருந்து எல்லாப் பக்கமும் கண்ணுக்குத் தெரிந்தால் அதுகூட வேண்டாம். ஓபிஜிக்கு வேறு காரணம் வேண்டும்: ஒரு முன்பல் முளைத்து ஆறு மாதம் ஆகியும் ஜோடிப் பல் வரவில்லை, நடுவில் ஒரு பல் கூடுதலாக முளைத்து வழியை அடைக்கிறதோ என்று சந்தேகம், விழுந்து தாடையில் அடி, பல் சீராக்கத்துக்குக் கிளிப் போடும் திட்டம். இவற்றில் எது என்று கேளுங்கள். ஏதாவது ஒன்று இருந்தால் எடுக்கவிடுங்கள். குழந்தையின் திசுக்கள் கதிர்வீச்சுக்குப் பெரியவர்களைவிடக் கூடுதலாகப் பாதிக்கப்படும் என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம், அதனால் "குழந்தைக்கான செட்டிங் வைக்கிறீர்களா" என்றும் கேட்கலாம். நல்ல இயந்திரங்களில் அது தனியாகவே இருக்கும்.

இந்த இடத்தில் எக்ஸ்-ரேக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. "பால் பல்லுதானே, விழுந்துடும்" என்று பெற்றோர் விட்டுவிடும் கடைசிப் பல் பல நேரம் பால் பல்லே இல்லை. ஆறு வயது வாக்கில் எந்தப் பல்லும் விழாமல், பால் பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப் பல் அது. மகனுக்குச் சொத்தை அந்தப் பல்லிலா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உண்மையான பால் கடைவாய்ப் பல்லும் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியது.

மனைவி பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை, எக்ஸ்-ரே காரணமாக அல்ல, போகாமல் இருப்பதால். பல் எக்ஸ்-ரேயின் கதிர்க்கற்றை வாயை நோக்கிப் போகிறது. வயிற்றை எட்டுவது அளவிடவே சிரமமான சொற்பம். கருவுக்குத் தீங்கு என்று மருத்துவம் கவலைப்படத் தொடங்கும் அளவு 50 மில்லிகிரே (உடம்பு உள்வாங்கும் கதிர்வீச்சின் அலகு) வாக்கில். பல் படத்தில் கருவுக்குப் போவது அதன் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி, தேவையான பல் எக்ஸ்-ரேயைக் கர்ப்ப காலத்தில் எடுக்கலாம் என்றே சொல்கிறது. அவசரமில்லாததைப் பிரசவத்துக்குப் பின் தள்ளிவைப்பது நல்ல பழக்கம். சீழ் பிடித்த பல்லைத் தள்ளிவைப்பது கெட்ட பழக்கம். அதிலும் ஈறு வீங்கி ரத்தம் வருவது கர்ப்ப கால ஹார்மோன் மாற்றத்தால் பலருக்கும் வருவது. பல நேரம் எக்ஸ்-ரேயே இல்லாமல் பல் சுத்தம் செய்தாலே அடங்கிவிடும். நாலாவது மாதம் முதல் ஆறாவது மாதம் வரைதான் பல் சிகிச்சைக்கு வசதியான காலம், அவர் இப்போது அதில்தான் இருக்கிறார். எக்ஸ்-ரேக்குப் பயந்து வீட்டில் இருந்துகொண்டு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வலி மாத்திரை போட்டுக்கொள்வது இருக்கிறதே, அதுதான் கருவுக்கு உண்மையில் ஆபத்தாக முடியக்கூடியது.

இப்போது கதிர்வீச்சின் அளவு. மண், பாறை, வானம், சாப்பாடு என்று இயற்கையிலிருந்து மனிதனுக்கு வருடத்துக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட், அதாவது 2400 மைக்ரோசீவர்ட் கிடைக்கிறது (சீவர்ட் என்பது உடம்புக்குக் கதிர்வீச்சால் வரும் பாதிப்பை அளக்கும் அலகு). ஒரு நாளைக்கு ஆறேழு மைக்ரோசீவர்ட். டிஜிட்டல் சென்சாரில் எடுக்கும் ஒரு சின்னப் படம் பெரும்பாலும் 10 மைக்ரோசீவர்ட்டுக்குள் முடியும். ஓபிஜி 10 முதல் 25 வரை. உங்களுக்கு எடுத்த ஐந்து படத்தையும் கூட்டினால் சும்மா வீட்டில் இருந்தாலே ஏழெட்டு நாளில், மிஞ்சினால் பத்து நாளில் கிடைக்கக்கூடியது. பழைய பிலிம், வட்டக் குழாய் உள்ள பழைய இயந்திரம் என்றால் இரண்டு மூன்று மடங்குகூடப் போகலாம். படம் எடுத்து முடிந்ததும் உடம்பில் எதுவும் தங்குவதில்லை. சுவிட்சை அணைத்ததும் கதிர் நின்றுவிடும். 1896-ல் ஜெர்மனியில் ஓட்டோ வால்காஃப் தன் வாயையே முதன்முதலில் எக்ஸ்-ரே எடுத்துக்கொண்டபோது 25 நிமிடம் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. இன்று சின்னப் படத்துக்கு அரை வினாடிக்கும் குறைவு.

"அவ்வளவு குறைவு என்றால் டாக்டர் மட்டும் ஏன் வெளியே ஓடுகிறார்?" என்று கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். உங்களுக்கு எப்போதோ ஒன்று. அவர் தினமும், வாழ்நாள் முழுக்க எடுக்கிறார். அதில் எதுவும் அவருக்குப் பயன் தருவதும் இல்லை. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் மருத்துவர், பல் எக்ஸ்-ரேயின் முன்னோடிகளில் ஒருவர், தன் கையாலேயே கதிரைச் சோதித்துச் சோதித்துக் கைப்புற்று வந்து, விரல்களையும் பிறகு கையையும் இழந்து, 1928-ல் தற்கொலை செய்துகொண்டார். டாக்டர்கள் தள்ளி நிற்கும் பழக்கம் அந்தத் தலைமுறை கொடுத்த விலையில் வந்தது. உங்கள் கையால் பிலிமைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால்கூட, "ஹோல்டர் இல்லையா" என்று கேளுங்கள். விரலுக்குப் படுவதோடு, படம் கோணலாகி மறுபடி எடுக்க வேண்டியும் வரும்.

கேன்சர் வருமா என்பதில் உறுதியான பகுதி எது, சந்தேகமான பகுதி எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அதிக அளவுக் கதிர்வீச்சு புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதி. பல் எக்ஸ்-ரே அளவுக்குச் சிறிய கதிர்வீச்சு ஏதாவது செய்கிறதா என்பது நிரூபிக்கவும் மறுக்கவும் முடியாத இடத்தில் நிற்கிறது. அளவு குறையக் குறைய ஆபத்தும் அதே விகிதத்தில் குறையும், ஆனால் பூஜ்யம் ஆகாது என்று ஒரு முன்னெச்சரிக்கைக்காக வைத்துக்கொண்டு விதிகளை எழுதுகிறோம். 2012-ல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் தலைமையில் வெளியான ஆய்வு ஒன்று, அடிக்கடி பைட்விங் எடுத்துக்கொண்டவர்களிடம் மெனிஞ்சியோமா என்ற மூளை உறைக் கட்டி கூடுதலாக இருந்தது என்றது. வாட்ஸ்அப்பில் சுற்றுவது பெரும்பாலும் அதன் சாயல்தான். அதில் 1433 நோயாளிகளை விசாரித்தார்கள், ஆனால் எத்தனை எக்ஸ்-ரே எடுத்தோம் என்பதை அவர்கள் நினைவிலிருந்து சொன்னார்கள். மூளையில் கட்டி வந்தவர் தன் பழைய எக்ஸ்-ரேக்களை மற்றவரைவிட அதிகமாகவே நினைவுபடுத்திக்கொள்வார். அந்தக் காலத்துப் படங்களின் கதிர் அளவும் இன்றையதைவிடப் பல மடங்கு. ஆகவே அதை நான் ஒதுக்கவும் மாட்டேன், ஆதாரமாகத் தூக்கிப் பிடிக்கவும் மாட்டேன்.

இன்னொரு பக்கம், நமக்கு அருகிலேயே கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரை இருக்கிறது. மணலில் தோரியம் கலந்த மோனசைட் இருப்பதால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சு சாதாரண இடத்தைவிடப் பல மடங்கு. நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் அதே மணல்தான். கருநாகப்பள்ளி மக்களைத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் நீண்ட காலம் பின்தொடர்ந்து 2009-ல் முடிவை வெளியிட்டது. கதிர்வீச்சுக்கேற்பப் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. அது மெதுவாக, சொட்டுச் சொட்டாகக் கிடைக்கும் கதிர். பல் எக்ஸ்-ரே ஒரே நொடியில் கிடைப்பது. இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. ஆனாலும் பயத்துக்கு ஒரு அளவுகோலாக அது உதவும்.

ஈய அங்கி போடவில்லையே என்று சண்டை போடுபவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024-ல் வழக்கமான பல் எக்ஸ்-ரேக்கு ஈய அங்கியும் தைராய்டு பட்டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இன்றைய இயந்திரங்களில் கற்றை குறுகலானது. உடம்புக்குள்ளேயே சிதறும் சிறிதளவை வெளியே போடும் அங்கி தடுக்காது. ஓபிஜியில் கழுத்துப் பட்டை குறுக்கே விழுந்து படமே கெட்டுப்போவதும் உண்டு. சின்னப் படத்துக்கு உங்கள் மன நிம்மதிக்காகக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வதில் நஷ்டமில்லை. ஆனால் அங்கி போட்டார்கள் என்பதாலேயே தேவையில்லாத படம் தேவையானது ஆகிவிடாது.

நீங்கள் கேட்காவிட்டாலும் நான் எச்சரிக்க விரும்புவது சிபிசிடி என்ற 3டி ஸ்கேனைப் பற்றி. எவ்வளவு இடத்தை எடுக்கிறார்கள், எந்த இயந்திரம் என்பதைப் பொறுத்துச் சில பத்து மைக்ரோசீவர்ட்டிலிருந்து ஆயிரம் வரைகூடப் போகும். இம்ப்ளாண்ட் (எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்வேர்) வைக்க எலும்பின் அகலம் அளக்க, கீழ் ஞானப்பல்லின் வேர் நரம்புக் குழாயோடு ஒட்டியிருப்பதாக ஓபிஜி காட்டினால் உறுதிசெய்ய, தாடைக் கட்டிக்கு, அது அருமையான கருவி. சாதாரணச் சொத்தைக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிளிப் போடுவதற்கு முன்னும் எழுதினால், மேலே சொன்ன கேள்வியைக் கொஞ்சம் அழுத்தியே கேளுங்கள். எடுத்தால் தேவையான பகுதிக்கு மட்டும் எடுக்கச் சொல்லலாம்; அதற்கு வசதி இருக்கிறது.

எக்ஸ்-ரேயில் வீண் செலவு பல நேரம், பழைய படம் கையில் இல்லாததால் வருகிறது என்று நினைக்கிறேன். முதல் கிளினிக்கில் எடுத்த ஓபிஜியை இரண்டாவது டாக்டர் பார்த்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்த படத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். டிஜிட்டல் படம் என்றால் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்தால் நுணுக்கம் போய்விடும், டாக்குமென்ட்டாக அனுப்பினால் பரவாயில்லை. பிலிம் என்றால் தேதி எழுதி ஒரு கவரில் போட்டு வெயில் படாமல் வையுங்கள். அடுத்த டாக்டர் பழைய படத்தைப் பார்த்த பிறகும் புதிது வேண்டும் என்றால், இடைப்பட்ட காலத்தில் என்ன மாறியிருக்கும் என்று அவர் நினைக்கிறார் என்பதைக் கேட்கலாம். பல் எக்ஸ்-ரே இயந்திரம் வைத்திருப்பவர்கள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவுசெய்திருக்க வேண்டும். அந்தச் சான்றைக் காட்டச் சொல்வதும் தப்பில்லை. எடுக்க மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதே நேரம் முதல் படம் இல்லாமல் பல்லைப் பிடுங்கவோ வேர் சிகிச்சை செய்யவோ மாட்டேன் என்று சொல்லும் உரிமை டாக்டருக்கும் உண்டு, அப்படிச் சொல்பவர் நல்ல டாக்டர்.

மனைவியை இந்த வாரமே கூட்டிப்போங்கள். போனதும் நான்கு மாதம் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். ஈறைப் பார்த்த பிறகு எக்ஸ்-ரே வேண்டும் என்றால் எந்தப் பல்லுக்கு, எதற்கு என்று கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம். மகனின் படத்துக்கு என்ன காரணம் சொன்னார்கள் என்று கேட்டு இங்கேயே எழுதினால், அது ஓபிஜிக்கான காரணமா, பைட்விங்குக்கான காரணமா என்று சொல்கிறேன்.